ஒரே லீஷ்மேனியாதானே, பிகாரில மண்ணீரல் வரைக்கும் போகுது, எங்கட பக்கம் தோலோட நிக்குது, ஏன்?

வவுனியாப் பெடியன்:
வணக்கம். அத்தானுக்கு முழங்கைக்குக் கிட்ட ஒரு சின்னப் பரு வந்தது, நோவும் இல்லை அரிப்பும் இல்லை, வயலுக்கை ஏதோ பூச்சி கடிச்சதாக்கும் எண்டு விட்டிட்டார், மாசக்கணக்கா மாறேல்லை, பிறகு நடுவில புண்ணாப் போச்சு. தோல் கிளினிக்கில சுரண்டி எடுத்துப் பாத்திட்டு லீஷ்மேனியா, மணல் ஈ கடிச்சுப் பரவுற ஒட்டுண்ணிக் கிருமி எண்டு சொல்லிட்டினம், இப்ப கிழமைக்கொருக்கா புண்ணுக்கையே ஊசி. அதுவரைக்கும் சரி. நான் சும்மா இருக்கேலாமல் நெட்டில தேடினால் இங்க இருக்கிறது லீஷ்மேனியா டொனோவானியாம், அதுதான் இந்தியாவில காலா அசார் வர வைக்கிறதாம், மண்ணீரலும் ஈரலும் வீங்குமாம், மருந்தெடுக்காட்டி ஆள் தப்பாதாம். டொக்டரைக் கேட்டதுக்கு "இங்க உள்ளது தோலோட நிக்கும், பயப்பிடாதேங்கோ" எண்டார், வெளியில சனம் நிறைஞ்சு நிக்குது, அதுக்கு மேல கேக்க ஏலேல்லை. ஒரே கிருமி எண்டால் எப்பிடி ஒரு இடத்தில தோல், இன்னொரு இடத்தில உள்ளுறுப்பு? அக்கா நித்திரை இல்லாமல் திரியிறா, விளக்கமாச் சொன்னால் புண்ணியம்.

லாப்கோட்:
முதல்ல அக்காவை நித்திரை கொள்ளச் சொல்லுங்கோ, டொக்டர் சொன்னது சரி. இனம் ஒண்டுதான், ஆனா ஒரே இனத்துக்கை வகை வேற. நொதிகளை வைச்சுப் பிரிக்கிற பழைய முறையில பிகார்ப் பக்கத்துக் காலா அசார் வகைக்கு மொன்-2 எண்டு பேர், இலங்கையில தோலில வாறது மொன்-37. இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற வித்தியாசம் எவ்வளவு எண்டு பாத்தால் சிரிப்பு வரும், ஒரு நொதியில ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருக்கு. அதால நோய் மாறுது எண்டு நினைச்சிடாதேங்கோ, அது வெறும் அடையாளம். மொன்-37 கென்யாவிலயும் சைப்ரஸிலயும்கூட எடுத்திருக்கினம், டிஎன்ஏயைப் பாத்தால் அதெல்லாம் எங்கட வகைக்குக் கிட்டத்துச் சொந்தமில்லை.

உண்மையான விசயம் முழு ஜீனோமையும், அதாவது கிருமியின்ர டிஎன்ஏ முழுசையும், வாசிச்ச பிறகுதான் வெளியில வந்தது. இலங்கையிலயே ஒரு தோல் நோயாளியிட்டயும், அபூர்வமா உள்ளுறுப்புக்குப் போன ஒரு நோயாளியிட்டயும் எடுத்த கிருமியை ஒப்பிட்டு 2014இல ஒரு ஆய்வு வந்தது. தோல் வகையைச் சுண்டெலிக்கு ஏத்தினால் ஈரல் மண்ணீரலில கொஞ்சம்தான் தப்புது, மற்றது நல்லாப் பெருகுது. வித்தியாசம் தேடினால் ஏ2 எண்ட ஜீன் கூட்டம் தோல் வகையில குறைவு, ராக்-சி எண்ட ஜீனில ஒரு எழுத்து மாறியிருக்கு. ஏ2 கிருமிக்கு உள்ளுறுப்புச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க உதவுறது, அதைத் தோல் வகைக்குத் திருப்பிக் குடுத்தால் மண்ணீரலில கூடத் தப்புது. ராக்-சி மாற்றமும் வீரியத்தைக் குறைக்கிறதில பங்கெடுக்குது எண்டு 2021இல தனியாக் காட்டினவை. ஆக எங்கட ஊர் வகை கொஞ்சம் பலம் குறைஞ்சது, உங்கட அத்தான்ர அதிஷ்டம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

மெட்ராஸ் மைக்ரோ:
ப்ரோ, ஒரு சின்ன சேர்ப்பு. இந்த டொனோவானிங்கற பேரே எங்க ஊர்ல இருந்து போனதுதான். 1903ல சார்லஸ் டோனவன் மெட்ராஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல நோயாளியோட மண்ணீரல்ல இதப் பாத்தாரு, அதே சமயத்துல இங்கிலாந்துல லீஷ்மன்ங்கற ஆர்மி டாக்டர் கல்கத்தா பக்கத்து டம்டம்ல இருந்து வந்த ஒரு சிப்பாயோட மண்ணீரல்ல பாத்தத எழுதிட்டாரு, மலேரியா ஆராய்ச்சி செஞ்ச ரொனால்ட் ராஸ் ரெண்டு பேர் பேரையும் சேத்து வச்சாரு.

அப்புறம் தோல் வகை இலங்கைல மட்டும்னு நெனச்சுக்காதீங்க. கேரளாவுல அகத்தியமலைக் காட்டுல காணிப் பழங்குடி மக்கள்ட்ட தோல்ல வர்றதும் டொனோவானிதான், ஹிமாச்சல்லயும் அதே. ஆனா ராஜஸ்தான் பிகானீர் பக்கம் தோல்ல வர்றது டிராபிகா, அது வேற இனம், அதனால இந்தியாவுல தோல் புண்ணுன்னா இனத்தப் பாத்துதான் பேசணும்.

சந்தேகராசா:
எல்லாத்தையும் ஜீனில போடுறது எனக்குச் சரியாப் படேல்லை. பிகாரிலயும் காலா அசார் மாறின ஆளுக்குக் கொஞ்சக் காலத்தால முகத்தில உடம்பில வெள்ளைத் தழும்பும் கட்டியும் வருது, அதே கிருமிதான், இப்ப தோலில இருக்கு. அப்ப கோடு எங்க கிழிக்கிறது? ஆளின்ர எதிர்ப்புச் சக்தி, சாப்பாடு, கடிக்கிற மணல் ஈ எது எண்டதெல்லாம் சேரும்தானே. இலங்கையில 1992இலதான் முதல் உள்ளூர் ஆளுக்கு எண்டு எழுதினவை, பிறகு போர்க்காலத்தில வன்னிக் காட்டில நிண்ட ஆமிக்காரருக்கு நிறைய வந்தது, காட்டுக்கை போனதாலதானே?

லாப்கோட்:
ராசா அண்ணை சொல்லுறது நியாயம், கோடு நேரானதில்லை. ஆனா காடு, ஈ எல்லாம் ஆருக்கு வருது எண்டதுக்கு விடை, வந்த பிறகு எங்க போகுது எண்டதுக்கு இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச ஆக்களில தோல் வகையும் உள்ள போகலாம், அதை மறுக்கேல்லை. அந்தச் சுண்டெலியள் எல்லாம் ஒரே மாதிரி, ஏத்தின கிருமி மட்டும்தான் வேற, அதால ஜீனுக்குப் பங்கில்லை எண்டும் சொல்லேலாது.

இன்னும் சுவாரசியமானது கலப்பு. லீஷ்மேனியா சும்மா ரெண்டாப் பிரிஞ்சு பெருகிறதெண்டுதான் கனகாலம் நினைச்சவை, ஈயின்ர வயித்துக்கை ரெண்டு வகை கலக்கும் எண்டு 2009இல ஆய்வுகூடத்தில காட்டினவை. பிறகு பழைய ஜீனோம்களைத் திருப்பிப் பாத்தால் இலங்கை நோயாளியள் சிலரிட்ட எடுத்த டொனோவானிக்கை மேஜர் எண்ட இன்னொரு லீஷ்மேனியா இனத்தின்ர, டிராபிகாவின்ர டிஎன்ஏ துண்டுகள் இருக்கு. அதுகள் பெரும்பாலும் தோலைப் பிடிக்கிற இனங்கள். அதோட இதுக்கு 36 குரோமோசோம், சில சோடி மூண்டு நாலாக் கூடிக் குறையும், அந்தக் கூட்டல் கழிச்சலே ஒரு மாற்றம்.

வவுனியாப் பெடியன்:
பாதி விளங்கீட்டுது, நன்றி. அப்ப இந்த ஜீன் மாற்றத்தால ஊசி வேலை செய்யாமல் போகுமோ? ஊசி மருந்துக்கு அன்டிமனி எண்டு எழுதியிருக்கினம்.

மெட்ராஸ் மைக்ரோ:
நல்ல கேள்வி. பிகார்ல அதான் நடந்துச்சு. அங்க அன்டிமனி ஊசி பெரும்பாலானவங்களுக்குக் கேக்காமப் போயி, இப்ப லைப்போசோம்ங்கற குட்டிக் கொழுப்பு உருண்டைல வச்ச ஆம்போடெரிசின்ங்கற வேற மருந்துதான் குடுக்கறாங்க. 2016ல இந்தியா நேபாளம் கிருமி 204 ஜீனோம் படிச்ச ஆய்வுல ஒரு குழுவுக்கு மட்டும் ஏக்யூபி1 ஜீன்ல ரெண்டு எழுத்து நுழைஞ்சிருந்துச்சு, அன்டிமனி கிருமிக்குள்ள போற கதவே அந்த ஜீன்தான், கதவு கெட்டா மருந்து வெளிய நின்னுரும். உங்க பக்கம் புண்ணுலயே போடற ஊசி நெறைய பேருக்குக் கேக்குது, கேக்காதவங்களும் இருக்காங்க, அதனால புண்ணு ஆறுற மாதிரி தெரிஞ்சதும் நடுவுல நிறுத்தாம டாக்டர் சொல்ற வரைக்கும் போகச் சொல்லுங்க. விடாத காய்ச்சல், மெலிவு, இடப்பக்க வயித்துல வீக்கம்னு வந்தா மட்டும் உடனே காட்டுங்க.

சந்தேகராசா:
வீட்டில மற்ற ஆக்களுக்கும் பரு இருக்கோ எண்டு பாருங்கோ. இந்த ஈ நுளம்பை விடச் சின்னன், சாதாரண வலைக் கண்ணுக்குள்ளால பூந்திடும், பொழுதுபட்டால் முழுக்கை சேட்டுப் போட்டுத்தான் வெளியில நிக்க வேணும். மாட்டுக்கொட்டில் வீட்டோட ஒட்டியிருந்தால் சாணியைக் குவியவிடாதேங்கோ.

வவுனியாப் பெடியன்:
மருமகனுக்குக் காதடியில ஒண்டு இருக்கு, நாளைக்கே கூட்டிக்கொண்டு போறன்.