‘எட்டயபுரம் ரோடு வீடு’ வாட்ஸ்அப் குழு: கார்த்திக்குக்கு 30 நாள்

சனிக்கிழமை

அம்மா, இரவு 8:02
எல்லாரும் இருக்கிறீர்களா? ஒரு விஷயம். மீனா எழுதுவாள். தாத்தா காதுக்குப் போகக் கூடாது.

வசந்தா அத்தை, 8:03
என்ன மதினி, வயிற்றைக் கலக்குது

சுதா, 8:03
தாத்தா இந்தக் குழுவில் இல்லையே?

அம்மா, 8:04
இல்லை. ஆனால் உன் அப்பா சத்தமாக வாசிப்பார்.

நான், 8:11
கார்த்திக் விஷயம். போன மார்ச்சில் ஆபீஸ் விருந்து முடிந்து குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருக்கிறான். வண்டி நடைபாதை மேல் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் இது இரண்டாவது தடவை. 2019இல் ஒரு தடவை மாட்டியதை நம்மிடம் மறைத்துவிட்டான். கலிபோர்னியாவில் 10 வருடத்துக்குள் இரண்டாம் முறை என்றால் உள்ளே போயே ஆக வேண்டும். குறைந்தது 96 மணி நேரம், அதிகம் போனால் ஒரு வருடம். இவனுக்கு 30 நாள்.
வக்கீல் ஒரு வழி சொல்கிறார். பெரிய கவுன்டி (மாவட்ட) ஜெயிலுக்குப் பதில், ஒரு சின்ன நகரத்து போலீஸ் நிலையத்தோடு இருக்கும் ஜெயிலில் பணம் கட்டி அந்த 30 நாளைக் கழிக்கலாம். ஒரு நாளைக்கு 150 டாலர், மொத்தம் 4,500. நம் பணத்தில் ஏறக்குறைய 4 லட்சம். வக்கீல் பீஸிலேயே அவன் கை காலி. குடும்பமாகச் சேர்ந்து ஏதாவது செய்யலாமா? வெள்ளிக்கிழமை கோர்ட். அவனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான், பார்த்து எழுதுங்கள்.

சுதா, 8:12
கார்த்திக் அத்தானா?

வசந்தா அத்தை, 8:12
முருகா

பிரபு, 8:14
ஜெயிலுக்கு வாடகையா

ராமர் மாமா, 8:15
ஏசி உண்டா

வசந்தா அத்தை, 8:15
நீங்கள் சும்மா இருங்கள்

கணேசன் பெரியப்பா, 8:27
மீனா மத்தியானமே என்னிடம் சொன்னாள். அப்போதிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இது திருட்டுத்தனமான ஏற்பாடு இல்லை, ரசீது கொடுத்து நகராட்சியே நடத்துவது. 2017இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸும் மார்ஷல் புராஜெக்ட் என்கிற செய்தி நிறுவனமும் சேர்ந்து விசாரித்து எழுதியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், ஆரஞ்சு இரண்டு கவுன்டியிலும் குறைந்தது 26 நகரங்கள் இப்படி ஜெயில் வைத்திருந்தன. 2011 முதல் 2015 வரை 3,500 பேருக்கு மேல் பணம் கட்டித் தங்கியிருக்கிறார்கள். சராசரி செலவு ஆளுக்கு 1,756 டாலர். சீல் பீச் என்ற ஊரில் புதுக் கட்டில், தட்டை டிவி, கம்ப்யூட்டர் அறை எல்லாம் இருந்ததாம். நீதிபதி சம்மதிக்க வேண்டும். பல இடங்களில் காசநோய்ப் பரிசோதனைச் சீட்டும் கேட்பார்கள். வன்முறை இல்லாத குற்றத்துக்குத்தான் என்று பெயர். ஆனால் அடிதடி, கொள்ளை மாதிரி பெரிய குற்றம் செய்த 160 பேருக்கு மேல் அதே வழியில் உள்ளே போனதையும் அந்தச் செய்தியிலேயே போட்டிருக்கிறார்கள்.

பிரபு, 8:28
பணம் இருந்தால் யாரும் போகலாம். சரி.

ராமர் மாமா, 8:31
மச்சான், நம் நாட்டிலும் உண்டு. உத்தராகண்டில் ஹல்த்வானி ஜெயிலில் 500 ரூபாய் கட்டினால் ஒரு ராத்திரி தங்கலாம் என்று 2022இல் செய்தி வந்தது. ஜாதகத்தில் சிறை யோகம் இருந்தால் அப்படிக் கழித்துவிடலாமாம். 1903இல் கட்டிய ஜெயில். கார்த்திக் ஜாதகத்தை அன்றைக்கே பார்த்திருந்தால்

வசந்தா அத்தை, 8:32
உங்கள் போனைப் பிடுங்கி வைக்கப் போகிறேன்

சுதா, 8:33
அப்பா, தெலங்கானாவில் சங்காரெட்டியிலும் இருந்தது. அது பழைய ஜெயில், மியூசியம் ஆக்கிவிட்டார்கள். அங்கேயும் 500தான் வாங்கினார்கள்.

ராமர் மாமா, 8:34
பார்த்தாயா

அம்மா, 8:36
ராமர் அண்ணே, என் பிள்ளை மியூசியம் பார்க்கப் போகவில்லை.

ராமர் மாமா, 8:37
தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. மனசு கேட்காமல்தான் எழுதினேன்.

சுதா, 8:40
மீனா மதினி, தை 9 திருக்கடையூருக்கு அத்தான் வர மாட்டாரா அப்போ? தாத்தா எண்பதாம் கல்யாணத்துக்குப் பேரன் எல்லாரும் வரிசையாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இருக்கிறார்.

நான், 8:46
வர முடியாது சுதா. ஜெயில் ஒரு பக்கம். அவனுடைய விசாவை ரத்து செய்துவிட்டதாகத் தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அங்கே இருந்து வேலை பார்க்கத் தடை இல்லை. ஆனால் வெளியே காலை வைத்தால் திரும்பிப் போகப் புது விசா வாங்க வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் டாக்டரிடம் குடிப்பழக்கம் பற்றிப் பரிசோதனை. கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வசந்தா அத்தை, 8:47
அப்பாவிடம் யார் சொல்வது

அம்மா, 8:47
லீவு கிடைக்கவில்லை என்று சொல்லலாம்

வசந்தா அத்தை, 8:48
போன தடவையும் அதைத்தான் சொன்னோம்

பிரபு, 8:53
நான் கேட்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். தப்பு செய்தால் எல்லாரும் போகிற ஜெயிலுக்குப் போய் வந்தால் என்ன? 30 நாள்தானே. நடைபாதையில் அந்த நேரம் ஒரு பிள்ளை நின்றிருந்தால்?

நான், 8:58
அதை நான் அவனிடம் கேட்டேன் பிரபு. போனில் கத்தினேன். அவன் பேசாமல் அழுதான். நான் வசதிக்காகக் கேட்கவில்லை. அந்தச் சின்ன ஜெயிலில் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் திரும்பி வர அனுமதி கேட்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். கவுன்டி ஜெயிலில் 30 நாள் இருந்தால் வேலை போய்விடும். அவன் விசாவில் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். திவ்யாவுக்கு இது 6ஆம் மாதம். டிவிக்கும் கட்டிலுக்கும் யாரும் 4,500 டாலர் கொடுக்கவில்லை.

சுதா, 8:58
6ஆம் மாதமா! சொல்லவே இல்லையே

அம்மா, 8:59
சீமந்தம் பிறகு பேசுவோம்

கணேசன் பெரியப்பா, 9:09
பிரபு கேட்பதில் நியாயம் இருக்கிறது. இது பழைய கேள்வி. லண்டனில் மார்ஷல்சி என்ற கடன்காரர் ஜெயிலில் வாடகை கொடுக்க முடிந்தவனுக்கு ஒரு பக்கம், முடியாதவனுக்கு இன்னொரு பக்கம். டிக்கன்ஸ் என்ற எழுத்தாளரின் அப்பா 1824இல் அங்கே இருந்தார். நம் நாட்டில் பணம் கட்டும் கவுன்டர் இல்லை, வகுப்பு இருந்தது. லாகூர் ஜெயிலில் ஜதீன் தாஸ் என்ற விடுதலைப் போராளி 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929இல் இறந்தார். அரசியல் கைதியை மனிதனாக நடத்து என்பதுதான் அவர் கேட்டது. அடுத்த வருடம் வெள்ளைக்காரன் ஏ, பி, சி என்று பிரித்தான். படிப்பும் அந்தஸ்தும் வாழ்ந்த வசதியும் பார்த்து வகுப்பு. ஒருவர் எல்லாருக்கும் கேட்டு உயிர் விட்டார், கிடைத்தது சிலருக்கு. நான் கோர்ட்டில் இருந்த 31 வருடத்தில் முதல் வகுப்பு கேட்டு எத்தனையோ மனு பார்த்தேன். கேட்டவர் எல்லாரும் கேட்கத் தெரிந்தவர்கள்.

வசந்தா அத்தை, 9:10
அண்ணே, லண்டன் வேண்டாம். பணம் பற்றிச் சொல்லுங்கள்.

ராமர் மாமா, 9:11
மச்சான் பாரா முடிவதற்குள் இட்லி வெந்துவிடும்

பிரபு, 9:14
கேட்கத் தெரிந்தவர்கள். அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை.

கணேசன் பெரியப்பா, 9:20
சங்கரன் வழக்கு வேறு தம்பி. அது செக் திரும்பிய வழக்கு, 138ஆம் பிரிவு. வாய்தாவுக்கு மூன்று தடவை போகவில்லை, பிடிவாரண்டு போட்டார்கள். 75,000 கட்டியிருந்தால் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்து முடித்திருக்கலாம். சட்டமே இடம் கொடுக்கிறது.

பிரபு, 9:21
கட்டியிருந்தால்.

பிரபு, 9:22
2009 ஜூலை. அப்பா யாரிடமெல்லாம் கேட்டார் என்று இந்தக் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த மாதம் யாருக்குக் காலேஜ் பீஸ் கட்டினார்கள் என்றும் தெரியும்.

அம்மா, 9:24
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா, 9:25
பிரபு அத்தான் வேண்டாமே

நான், 9:29
வேண்டாம் என்று சொல்லாதே சுதா. அவன் சொல்வது உண்மை. எனக்கு அப்போது 22 வயது, வீட்டில் பேச்சு நடந்தபோது பக்கத்து அறையில்தான் இருந்தேன். கார்த்திக்கின் பீஸுக்குக் கடைசித் தேதி திங்கட்கிழமை. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ராமர் மாமா, 9:33
நான் 25,000 தருகிறேன். கார்த்திக் திருப்பித் தரும்போது தரட்டும்.

வசந்தா அத்தை, 9:34
என்னைக் கேட்டீர்களா

ராமர் மாமா, 9:34
இப்போது கேட்கிறேன்

வசந்தா அத்தை, 9:35
வேன் அட்வான்ஸ் போக இருப்பதைப் பார்த்துச் சொல்கிறேன்

செல்வி சித்தி, 9:41
இப்போதுதான் பார்த்தேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். பிரபு, போதும்.
மீனா, 12 நாள் அவர் உள்ளே இருந்தார். தினமும் மனு போட்டுப் பார்த்தேன். தயிர்சாதம் கொண்டுபோனால் கரண்டிக் காம்பை விட்டுக் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அது அவர்கள் வேலை, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை. ராத்திரி விளக்கை அணைக்க மாட்டார்களா, கேட்டுச் சொல் என்றார். தினமும் அதையேதான் கேட்டார். 40 பேர் படுக்கிற அறை, மேலே குழல்விளக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான்.
பணம் கட்டுகிற இடத்தில் ராத்திரி விளக்கை அணைப்பார்களா? அதை முதலில் கேள். அணைப்பார்கள் என்றால் கட்டுங்கள்.

சுதா, 9:42
அத்தை

கணேசன் பெரியப்பா, 9:46
செல்வி, நான் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கக் கூடாது.

செல்வி சித்தி, 9:47
பரவாயில்லை அத்தான். நீங்கள்தான் ஜாமீனுக்கு அலைந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அப்பா, 9:52
செல்வி, நாளைக் காலையில் வீட்டுக்கு வருகிறேன்.

செல்வி சித்தி, 9:53
வாங்க. சாப்பிடாமல் வாங்க.

கார்த்திக், 9:58
எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இங்கே காலை எட்டரை ஆகப் போகிறது. எழுதி எழுதி அழித்தேன்.
சித்தி, விளக்கு விஷயத்தைத் திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.
பிரபு, நீ கேட்ட பிள்ளையைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு தொடவில்லை. குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கான 18 மாத வகுப்புக்கு வாராவாரம் போகிறேன். 2009 விஷயம் எனக்குத் தெரியாது. இன்றைக்கு உன் செய்தியில்தான் தெரிந்தது.

பிரபு, 10:01
உனக்குத் தெரியாதா?

கார்த்திக், 10:01
தெரியாதுடா

கார்த்திக், 10:05
காரை விற்றால் இந்தப் பணம் வந்துவிடும். எனக்கு எப்படியும் இப்போது லைசென்ஸ் இல்லை. ஆனால் திவ்யா ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு கார்தான். அதுதான் யோசனை.

அம்மா, 10:06
காரை விற்காதே

கார்த்திக், 10:08
நீதிபதி சம்மதிக்கவில்லை என்றால் எதுவுமே தேவைப்படாதும்மா. பெரிய ஜெயில்தான். வெள்ளி வரைக்கும் யாரும் பணம் அனுப்ப வேண்டாம். அந்த 30 நாளும் யாராவது ஒருவர் தினமும் திவ்யாவோடு பேசினால் போதும். அவள் ராத்திரி தனியாக இருப்பாள்.

வசந்தா அத்தை, 10:09
நான் பேசுகிறேன். அங்கே ராத்திரி என்றால் இங்கே எத்தனை மணி

கணேசன் பெரியப்பா, 10:11
இப்போது பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே ராத்திரி 9 என்றால் இங்கே மறுநாள் காலை பத்தரை. ஆனால் மார்ச் இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு அவர்கள் கடிகாரத்தை

வசந்தா அத்தை, 10:11
பத்தரை. சமையல் முடிந்துவிடும். சரி.

சுதா, 10:12
நான் சனி ஞாயிறு எடுத்துக்கொள்கிறேன். மீதி நாள் பிரித்துக்கொள்ளலாம்.

பிரபு, 10:15
கார்த்திக், எனக்குத் தனியாகப் போன் செய்.

கார்த்திக், 10:15
இப்போதா?

பிரபு, 10:16
இப்போதான். அம்மா படுத்துவிட்டாள், மாடிக்கு வந்துவிட்டேன்.

ராமர் மாமா, 10:21
தாத்தாவிடம் லீவு என்று சொல்வதா, விசா என்று சொல்வதா? முடிவு செய்து போடுங்கள், நான் உளறிவிடுவேன்.

அம்மா, 10:22
நாளைக்குப் பேசுவோம்

ராமர் மாமா, 10:24
சரி. வேன்காரர் 18 சீட்டா 21 சீட்டா என்று கேட்கிறார். கார்த்திக் இல்லாமல் கணக்குப் போடவா?