ஓ லெவல் கணினித் தேர்வு: பைத்தான் தாளுக்கு வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே, மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் ஓ லெவல் கணினிப் படிப்பின் ஜூலைத் தேர்வுக்குத் தனித்தேர்வராகத் தயாராகி வருகிறேன். நான்கு தாள்களில் பைத்தான் என்ற நிரல்மொழித் தாள்தான் என்னை மிகவும் திணறடிக்கிறது. ரேஞ்ச்(1, 10) என்று எழுதினால் எண்ணிக்கை 9 உடன் நின்றுவிடும் என்பது புரிகிறது. ஆனால், ஒரு பட்டியலை (லிஸ்ட்) ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) அனுப்பி அங்கே ஓர் எண்ணைச் சேர்த்தால் வெளியே உள்ள பட்டியலும் மாறிவிடுவதும், வெறும் எண்ணை அனுப்பினால் அப்படி மாறாததும் ஏன் என்று எத்தனை முறை படித்தும் தெளிவாகவில்லை. முன்பு சேர்ந்த பயிற்சி மையத்தில் விடைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கட்டணம் போனதுதான் மிச்சம். 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சிதான் என்றாலும், செய்முறைத் தேர்வும் இருப்பதால் புரியாமல் எழுத மனமில்லை. தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பகுதிகளில் ஞாயிறு பிற்பகல்களில் கற்றுத்தரக்கூடியவர்களோ, தமிழில் எழுதிய பாடக்குறிப்புகள் வைத்திருப்பவர்களோ இருந்தால் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். நியாயமான கட்டணம் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன்.