ஈஸ்ட் உட்கருவுக்குள் ஜிஎஃப்பி (பச்சையாய் ஒளிரும் புரதம்) நுழையும் வேகம்: யாராவது கைகொடுங்கள்

வணக்கம். டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன். சாட்ஸ்வர்த் வீட்டில் இதைப் பேச ஆளில்லை, பாட்டி "ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்தானே?" என்று முடித்துவிடுகிறார். அதேதான், பாட்டி.

ஈஸ்ட் செல் பிரியும்போதுகூட உட்கருவின் உறை கலைவதில்லை; புரதங்கள் அதிலுள்ள துளைகள் வழியாகத்தான் போகவேண்டும். 'உட்கருவுக்குப் போ' என்று சொல்லும் முகவரித் துண்டு ஒட்டிய ஜிஎஃப்பியை, இம்போர்ட்டின் என்ற சுமக்கும் புரதம் பிடித்து உள்ளே கொண்டுபோகிறது. சோடியம் அசைடும் டிஆக்சிகுளுக்கோஸும் போட்டுச் செல்லின் சக்தியை முடக்கினால் ஜிஎஃப்பி வெளியே கசிந்து செல் முழுவதும் பரவும். கழுவிக் குளுக்கோஸ் கொடுத்தால் சில நிமிடங்களில் மறுபடி குவியும். அந்த வேகத்தைத்தான் அளக்கிறேன்.

அளக்கத்தான் முடியவில்லை! மைக்ரோஸ்கோப் இரண்டு மாடி கீழே. குளுக்கோஸ் சேர்த்த குழாயோடு படியில் ஓடி இறங்கினாலும், முதல் படத்திலேயே செல்லின் நடுவில் பச்சைப் புள்ளி பளிச்சென்று நிற்கிறது.

ஐஸ்போல் குளிர்ந்த நீரில் கழுவி, கீழே போன பிறகு குளுக்கோஸ் சேர்க்கலாமா? கான்கனவாலின் என்ற ஒட்டும் புரதம் பூசிய கண்ணாடியில் செல்களை ஒட்டவைத்து, லென்ஸுக்கு அடியிலேயே ஊற்றியவர்கள் உண்டா? செல்கள் அசையாமல் நின்றனவா?

இரண்டு ஜிஎஃப்பியைச் சேர்த்து ஒட்டினால் நுழைவு மெதுவாகும் என்கிறான் லேப் நண்பன். சரி, ஆனால் எடை இரட்டித்து 54 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) ஆகிவிட்டால் வெளியே கசிவதும் இழுத்துக்கொண்டே போகுமே?