ஜப்பான் போக இங்கேயே எதற்கெல்லாம் பணம் கட்டணும்?

வழிப்போக்கன்:
மே 1 முதல் 9 வரை ஜப்பான். பெரியவர்கள் மூன்று பேர் (அம்மாவுக்கு 68), பையனுக்கு 9 வயது. டோக்கியோவில் 4 இரவு, 5ஆம் தேதி கியோட்டோ போய் 3 இரவு, ஒசாகாவில் 1 இரவு. 9ஆம் தேதி இரவு டோக்கியோவின் நரிட்டா ஏர்போர்ட்டிலிருந்து விமானம். நாலு பேருக்கும் 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வே பயணச் சீட்டு), ஃபூஜி டூர், கியோட்டோ அரைநாள் டூர், ஏர்போர்ட் வேன் எல்லாவற்றுக்கும் இப்போதே முழுத்தொகை கட்டச் சொல்கிறார் ஏஜென்ட். விசா இன்னும் வரவில்லை. கட்டலாமா?

ரயில்பித்தன்:
பட்டியலிலிருந்து முதலில் பாஸை அடித்துவிடுங்கள். 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனபோதே உங்களைப் போன்ற ரூட்டுக்கு அது கட்டுப்படியாகாமல் போய்விட்டது. உங்கள் பயணம் 9 நாள், பாஸ் 7 நாள். 3, 4, 5 தேதிகளில் தொடங்கினால்தான் இரண்டு ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) பயணமும் அதற்குள் வரும். வந்திறங்கும் நாளின் ரயிலுக்குத் தனியாகத்தான் கட்டணும்.

பெரியவர் ஒருவருக்குச் சுமாராக: டோக்கியோ–கியோட்டோ நொசோமி (வேகமான ஷிங்கான்சென்) ரிசர்வ் சீட் 14,170, கியோட்டோ–ஒசாகா சாதா ரயில் 580, ஒசாகா–டோக்கியோ 14,720, அங்கிருந்து நரிட்டா எக்ஸ்பிரஸ் 3,070. மொத்தம் 32,540 யென். பாஸ் வாங்கினால் 17,460 நஷ்டம். பையனுக்கு எல்லாமே பாதி என்பதால் மூன்றரை டிக்கெட் கணக்கில் 61,110 யென் வீண். அதற்கும் மேல், பாஸ் வைத்துக்கொண்டு நொசோமியில் ஏறினால் கியோட்டோவுக்கு ஆளுக்கு 4,960 யென் தனியாகக் கேட்பார்கள்.

ஆனால் ஷிங்கான்சென் சீட்டை மட்டும் முன்கூட்டியே போடுங்கள். நம் பள்ளி லீவும் அவர்களுடைய கோல்டன் வீக்கும் (ஏப்ரல் 29 முதல் மே 5 வாக்கில் வரும் தொடர் விடுமுறை) மோதுகிறது. அந்த நாட்களில் நொசோமியில் ரிசர்வ் செய்யாத பெட்டியே கிடையாது. 5ஆம் தேதி ஊர் திரும்புகிற கூட்டம் டோக்கியோவை நோக்கித்தான் வரும், உங்கள் திசையில் நெரிசல் குறைவு. இருந்தாலும் நாலு சீட் சேர்ந்து வேண்டுமே. சரியாக ஒரு மாதம் முன், ஏப்ரல் 5 அன்று ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும். நமக்கு அது காலை 6.30.

கணக்குப்பிள்ளை:
விசா கைக்கு வரும்வரை ரிஃபண்ட் இல்லாத எதற்கும் கட்டாதீர்கள். விசா விண்ணப்பத்துக்குப் பயணத்திட்டம் கேட்பார்கள், பணம் கட்டிய டூர் ரசீதைக் கேட்பதில்லை.

ஓட்டலையும் டூரையும் ஒரே பேக்கேஜாக ஏஜென்டிடம் வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். விமான டிக்கெட் மட்டுமோ ஓட்டல் மட்டுமோ வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

நீங்களே கார்டில் கட்டினால் ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டு நாணயத்தில் கட்ட பேங்க் வைக்கும் கூடுதல் கட்டணம்) பாருங்கள். 3.5% என்று போட்டிருந்தால் அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. "ரூபாயில் கட்டுகிறீர்களா, யென்னிலா" என்று திரையில் கேட்டால் யென். ரூபாயைத் தொட்டால் கடைக்காரர் தரப்பு வைக்கிற ரேட்தான், அது பெரும்பாலும் மோசம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் முன்னாடியே ஆன் செய்து வையுங்கள். அந்த 6.30 மணிக்கு கார்டு டிக்ளைன் ஆவது பெரும்பாலும் இதனால்தான்.

மலைமுகடு:
ஃபூஜிக்கு முழுத்தொகையா? மே மாதத்தில் மலை மேகத்துக்குள் போய்விட்டால் பஸ்ஸில் உட்கார்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வரணும். 24 மணி நேரம் முன்புவரை இலவச ரத்து உள்ள டூராகப் பாருங்கள். அந்த 24 மணி ஜப்பான் நேரப்படி. காலை 7.30 டூர் என்றால் முந்தின நாள் காலை 7.30-க்குள் வானிலை பார்த்து முடிவு செய்யணும். விடுமுறை நெரிசலில் பஸ் திரும்ப லேட்டாகும், அன்று மாலைக்கு வேறெதுவும் வைக்காதீர்கள்.

கியோட்டோ அரைநாள் டூர் தேவையே இல்லை. ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நுழைவுக்கட்டணமே கிடையாது, கின்காகுஜி கோயிலுக்கு வாசலிலேயே 500 யென்.

பையனுக்காக கிப்லி மியூசியம் (அனிமேஷன் பட ஸ்டுடியோவுடையது) பார்ப்பதாக இருந்தால் அதை மட்டும் விடாதீர்கள். வாசலில் டிக்கெட் விற்பதில்லை. மே மாதத்துக்கானது ஏப்ரல் 10 அன்று, அதே 6.30 மணிக்கு.

வழிப்போக்கன்:
பாஸும் கியோட்டோ டூரும் கேன்சல். வேன்? இரண்டு பெரிய பெட்டி, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

ரயில்பித்தன்:
வேனை வையுங்கள், வந்திறங்கும் நாளுக்கு மட்டும். விமான எண்ணைக் கொடுத்து, லேட்டானால் எத்தனை நிமிடம் காத்திருப்பு இலவசம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் தரும் வவுச்சர் போதாது, ஜப்பானில் வண்டி அனுப்புகிறவரின் பெயரும் புக்கிங் எண்ணும் வேண்டும்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து கூட்டுங்கள், சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து. 160 செ.மீ. தாண்டினால் ரயில் பெட்டியின் கடைசி வரிசையில் 'பெரிய லக்கேஜ்' சீட்டாகப் போடணும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. போடாமல் ஏறினால் 1,000 யென் தண்டம். அதைவிட, 4ஆம் தேதி காலையிலேயே டோக்கியோ ஓட்டல் ரிசப்ஷனில் தக்யூபின்னில் (பெட்டிகளை அனுப்பும் கூரியர்) போட்டுவிடுங்கள். மறுநாள் பெட்டி கியோட்டோ ஓட்டலில் இருக்கும். இதற்கு இங்கிருந்து எதுவும் கட்ட வேண்டாம்.