கம்பி வலைக்குப் பின்னாடி நிக்கற புலிய தெளிவா எடுக்கறது எப்படி?

வரிப்புலி:
வணக்கம் மக்களே, ஜூவுல புலி, சிங்கம், சிறுத்தை எடுக்கறதுல ஒரு ஹெல்ப் வேணும். என்கிட்ட இருக்கறது க்ராப் சென்சார் (கொஞ்சம் சின்ன சென்சார்) கேமராவும் 55-250 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸும். புலி அழகா மூஞ்சியக் காட்டிட்டு நிக்குது, ஆனா ஃபோகஸ் போய் வலையிலதான் உக்காருது. ஃபோகஸ மேனுவல்ல வச்சு நானே திருப்பினா புலி ஷார்ப்பா வருது, ஆனா படம் முழுக்க பனி மூடின மாதிரி ஒரு வெளுப்பு, சிலதுல கட்டம் கட்டமா கோடு வேற. கண்ணாடி வழியா எடுத்தா என் சட்டை தெரியுது. லென்ஸ் மாத்தணுமா?

ஓரக்கண்:
லென்ஸ் மாத்தவே வேணாம் ப்ரோ. ஜூம முழுசா 250க்கு இழுத்து எஃப் 5.6 வைங்க (எஃப் நம்பர் கம்மியானா லென்ஸ் ஓட்டை பெருசு), அப்ப அந்த ஓட்டை கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், நடுவுல ஒரு மெல்லிசு கம்பி வந்தாலும் அதச் சுத்தி புலியோட வெளிச்சம் நிறைய உள்ள வந்துடும், அதனால கம்பி கரைஞ்சு போயிடும். அதே எஃப் 16 வச்சீங்கன்னா ஓட்டை 16 மில்லிமீட்டர்தான், கட்டம் திரும்ப வந்து நிக்கும். லென்ஸ் வலைக்கு எவ்ளோ கிட்டயோ, புலி வலைய விட்டு எவ்ளோ தள்ளியோ அவ்ளோ நல்லது.

அந்த வெளுப்புக்குக் காரணம் வலை மேல அடிக்கற வெயில். நிழல் விழுந்த இடமாப் பாத்து அது வழியா எடுங்க, ரெண்டு அடி நகந்து நின்னாலே படம் மாறிடும். கருப்பு பெயின்ட் அடிச்ச வலைன்னா இன்னும் நல்லது, பளபளன்னு இருக்கற கம்பிதான் ரொம்ப படுத்தும். ஃபோகஸ்க்கு சிங்கிள் பாயின்ட், அதாவது ஒரே ஒரு புள்ளி மட்டும் வச்சு, வலையோட கண்ணு வழியா புலியோட கண்ணப் பிடிங்க.

மரநிழல்:
ஓரக்கண் சொன்னது எல்லாம் சரி, ஆனா கிட்டப் போறது தடுப்பு எது வரைக்கும் விடுதோ அது வரைக்கும்தான். தடுப்பத் தாண்டி கைய நீட்டி கேமராவ வலையில வைக்கறவங்களப் பாத்தா எனக்கு நிஜமாவே பதறுது, சிறுத்தை அடிக்கற வேகத்துக்கு நம்மால கைய இழுக்க முடியாது. தள்ளி நிக்க வேண்டியிருந்தா புலி பின்னாடி போற வரைக்கும் காத்திருங்க. நிறைய புலிங்க ஒரே தடத்துல போய்ட்டு வந்துட்டே இருக்கும், அது திரும்பற இடத்துல முன்னாடியே ஃபோகஸ் வச்சுக்கோங்க. புலி நடக்கறப்ப ஷட்டர் வேகம் 1/500 செகண்டுக்கு கீழ வேணாம், அதுக்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி) ஏறினா ஏறட்டும்.

நேரமும் முக்கியம். சிங்கம் ஒரு நாள்ல 20 மணி நேரம் வரைக்கும் படுத்தே கெடக்கும், மத்தியானம் போனா தூங்கற முதுகுதான் கிடைக்கும். காலைல கேட் திறந்ததும் போங்க, இல்ல சாயங்காலம் வெயில் சாஞ்சப்புறம்.

கண்ணாடி வழியா எடுக்கறதுக்கு டார்க் கலர் சட்டை, லென்ஸ் முன்னாடி மாட்டற ரப்பர் ஹூட், ஹூட கண்ணாடியோட ஒட்டி நேரா வைங்க, சாய்ச்சா ஷார்ப்னஸ் போயிடும். ஃப்ளாஷ் வேணாம், கண்ணாடியிலயும் கம்பியிலயும் பட்டு திரும்பி வரும், மிருகத்தோட கண்ணுக்கும் தொந்தரவு. திரும்பிப் பாக்கட்டும்னு கண்ணாடியத் தட்டறது, விசில் அடிக்கறது எல்லாம் தயவு செஞ்சு செய்யாதீங்க, அதுக்கு அந்த இடத்த விட்டு ஓடிப் போக வழியே கிடையாது.

வரிப்புலி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, நிழல் விஷயம் யாரும் சொன்னதே இல்ல. இன்னொன்னு, கருஞ்சிறுத்தை எடுத்தா கருப்பா வராம சாம்பலா வருதே, அது ஏன்?

ஓரக்கண்:
ஃப்ரேம் பூரா கருப்பா இருந்தா கேமரா இருட்டுன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்திடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (கேமரா எடுக்கற வெளிச்சத்த நாமளே கூட்டிக் குறைக்கற செட்டிங்) மைனஸ் 1 வச்சுப் பாருங்க. வெள்ளைப் புலிக்கு அப்படியே உல்டா, கொஞ்சம் ப்ளஸ். கருஞ்சிறுத்தையும் சிறுத்தைதான், நிறமி ஜாஸ்தி அவ்ளோதான், அதனால வெயில் பக்கவாட்டுல சாஞ்சு விழறப்ப எடுத்தா கருப்புக்குள்ள இருக்கற புள்ளி எல்லாம் தெரியும். ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே வைக்கற ஃபைல்) எடுங்க, நிழல் பகுதிய அப்புறம் தூக்கிக்கலாம்.