கிளிப்பர் பிளேடு சாணைக்குக் கொடுத்த பிறகு சுத்தமாக வெட்டவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
வீட்டிலேயே நாய்களுக்குக் கிளிப்பரில் (முடி வெட்டும் மெஷினில்) முடி வெட்டிவிடுகிறேன். 10-ம் எண் பிளேடு. ஒரு மாதமாக எங்கள் ஷிட்சூ (நீள முடியுள்ள சின்ன நாய் வகை) முடியைக் கடித்து இழுத்தது, பாவம், துடித்துப்போனது. கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து வாங்கினேன், இப்போது ஒரு முடிகூட வெட்டவில்லை. புதிதுதான் வாங்க வேண்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அது கத்தி மாதிரி இல்லை. சீப்பு போன்ற கீழ்ப் பல்லும் அதன்மேல் ஓடும் மேல் பல்லும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசித்தான் வெட்டும். உரசும் பக்கம் முழுத் தட்டையாக இருக்காது, நடுவில் மிக லேசான குழிவு உண்டு, அதனால் பற்களின் விளிம்பு மட்டும் நன்றாகப் படியும். சாதாரணச் சாணைக்கல் அந்தக் குழிவை அழித்துவிடும். கிளிப்பர் பிளேடுக்கென்றே சுழலும் தட்டு வைத்திருப்பவரிடம் இரண்டு துண்டுகளையும் சேர்த்தே கொடுங்கள், மாட்டும்போது ஸ்பிரிங் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் உடைந்திருந்தால் மட்டும் புதிது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அப்புறம், குளிப்பாட்டி நன்றாக உலர்த்தாமல் வெட்டினால் எப்பேர்ப்பட்ட பிளேடும் சீக்கிரம் மழுங்கும், முடியில் இருக்கும் மண்ணே அதைத் தின்றுவிடும். வேலைக்கு நடுவிலும் எண்ணெய் விடுங்கள், பிளேடு சூடாகிறதா என்று கையில் தொட்டுப் பாருங்கள், வயிற்றுத் தோல் சட்டென்று சுட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்:
நான் குளிப்பாட்டுவதற்கு முன்னால்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்! நன்றி, நாளைக்கே விசாரிக்கிறேன்.