லிவிங் வில்: தமிழ் வரைவைச் சரிபார்க்க உதவி வேண்டும்

வணக்கம். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பெரியவர்களுக்காக, லிவிங் வில் என்ற கடைசிக்கால மருத்துவ விருப்ப ஆவணத்தைத் தமிழில் தயாரிக்கிறோம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மாஜிஸ்திரேட் கையொப்பம் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும்.

சிக்கல் வாசகத்தில்தான். "வென்டிலேட்டர் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால், நிமோனியா வந்து சில நாளில் தேறக்கூடியவர் விஷயத்திலும் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். "மீள வழியே இல்லாதபோது" என்ற நிபந்தனை அவசியம். வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய்வழி உணவு, சிபிஆர் (நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்க முயலும் சிகிச்சை) ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். வலி நிவாரணம் கடைசிவரை தொடர வேண்டும் என்பதையும் எழுதியே ஆக வேண்டும். அது நின்றுவிடுமோ என்றுதான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. பெரியவர் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரைத் தரலாம். வெளிநாட்டுப் பிள்ளையை மட்டும் போட்டுவிட்டு, மூலப் பிரதியை பேங்க் லாக்கரில் பூட்டினால் நள்ளிரவு ஐசியுவில் பயனில்லை.

ஐசியு அல்லது வலிதணிப்பு மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் வரைவைப் படித்துத் திருத்தித் தர முடியுமா? உள்ளாட்சி அதிகாரியிடமும் ஒரு பிரதி தர வேண்டும். சென்னை மாநகராட்சியில் அதை யாரிடம் கொடுத்தீர்கள், ஒப்புகைச் சீட்டு தந்தார்களா? கொடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.